ஃபோன புள்ளைங்க கைல நீட்டறதுதான் மொத தப்பு

எனக்கு 71 வயசு, பெங்களூர்ல அல்சூர் பக்கம் வீடு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவ. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்னு ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு ஜனங்க மணிக்கணக்கா காத்துக்கெடந்த காலத்துல ஊர் ஊரா லைன் போட்டுக் குடுத்தவ நான், ஆனா ஸ்மார்ட்ஃபோன் கைக்கு வந்தப்ப அடிக்கிற கால எந்தப் பக்கம் தள்ளி எடுக்கறதுனு தெரியாம முழிச்சேன். இப்ப எல்லாம் வந்துடுச்சு, சின்னப் புள்ள மாதிரி ஒரே குஷி. நடுவுல பண்ணின கூத்தெல்லாம் சொல்றேன், எங்க வயசுக்காரங்க பாத்து நடந்துக்கோங்க, உங்க புள்ளைங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

மொத தப்பு, "இந்தாப்பா நீயே பண்ணிக் குடு"னு ஃபோன நீட்டறது. எம் பையன் நல்லவன்தான், ஆனா வாங்கின வேகத்துல டக்கு டக்குனு நாலு எடத்துல தட்டிட்டு "அவ்ளோதாம்மா"னு திருப்பிக் குடுத்துடுவான், எனக்கு அவன் கட்டவிரல் மட்டுந்தான் தெரியும். ஆறு மாசம் இப்டியே போச்சு. அப்புறம் பேத்திகிட்ட சொல்லிட்டேன், நீ வாயால சொல்லு, வெரல் என்னோடது. அவ ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு "பாட்டி கீழ, இன்னும் கீழ, அய்யோ அது இல்ல"னு கத்தினா பாருங்க, அன்னிக்கு எடுத்ததுதான் என் மொத மெட்ரோ டிக்கெட்.

நம்ம மெட்ரோல 2022 நவம்பர்லேந்து வாட்ஸப்லயே டிக்கெட் எடுக்கலாம், அவங்க நம்பருக்கு ஒரு ஹாய் போட்டா அதுவே எங்கேந்து எங்கனு கேக்கும். நான் அல்சூர்ல ஏறி மெஜஸ்டிக்ல மாறி சம்பிகே ரோடுக்கு, மல்லேஸ்வரத்துல தங்கச்சி வீடு. உள்ள போறப்ப டிக்கெட்டா வந்த க்யூஆர காட்டினதும் கேட் தொறந்துச்சு, சரி அதோட வேல முடிஞ்சதுனு டெலிட் பண்ணிட்டேன். எறங்கி வெளிய வரவும் அதே க்யூஆர்தானாமே! பேத்திகிட்ட ஃபார்வர்ட் பண்ணி வெச்சிருந்ததால பொழச்சேன். வெளிய வர்ற வரைக்கும் அத தொடாதீங்க, திரை மங்கலா இருந்தா வெளிச்சத்த ஏத்திட்டு காட்டுங்க.

எழுத்த பெருசாக்க வெக்கப்படாதீங்க. பக்கத்துல உக்காந்தவன் படிச்சா படிச்சுட்டுப் போறான், கண்ணு நம்மளுது. தமிழ்ல டைப் பண்ண வரலன்னா மைக் படத்த அழுத்திப் பேசுங்க, அதுவே எழுதும், ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுடுங்க, நான் "பால் வாங்கிட்டு வா"னு சொன்னது "பல் வாங்கிட்டு வா"னு போய் மருமக ஒரு வாரம் சிரிச்சா. அப்புறம் இந்த குட்மார்னிங் பூ படம், வாட்ஸப் செட்டிங்ஸ்ல தானா டவுன்லோடு ஆகறத நிறுத்திடுங்க, இல்லன்னா ஃபோன்ல எடமே இல்லாம போய் ஒருநாள் எதுவும் தொறக்காது.

காசு விஷயத்துலதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. யூபிஐ 2016ல வந்தது, நான் தொட்டது போன வருஷம். மார்க்கெட்ல பூக்காரம்மாவோட பொட்டி நான் அனுப்பின இருபது ரூபாய சத்தமா கன்னடத்துல சொன்னப்ப எனக்கு வந்த பெருமை இருக்கே, மொத சம்பளம் வாங்கினப்ப கூட அவ்ளோ வரல. ஆனா மறந்துடும்னு பின் நம்பர சீட்டுல எழுதி ஃபோன் கவர் உள்ள சொருகி வெச்சிருந்தேன், சாவிய பூட்டுலயே தொங்க விட்ட கத. இன்னொண்ணு நெஞ்சுல எழுதி வெச்சுக்கோங்க, பேலன்ஸ் பாக்கற மாதிரி வேலைய விட்டா, பின் கேக்குதுன்னா காசு நம்ம கிட்டேந்து போகப் போகுதுனு அர்த்தம், வர்ற காசுக்கு பின் நம்பரே வேணாம். ரீஃபண்ட் தரோம் பின் போடுங்கன்னு எவனாவது சொன்னா வெச்சுடுங்க. வீடியோ கால்ல போலீஸ் ட்ரெஸ்ல வந்து டிஜிட்டல் அரெஸ்ட்னு மெரட்டறானுங்களே, அப்படி ஒண்ணு சட்டத்துலயே கிடையாது. ஏமாந்துட்டா அழுதுட்டு உக்காராம, புள்ளைங்க திட்டுவாங்கன்னு மறைக்காம, உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க. ஆங், பர்ஸ வீட்ல வெச்சுட்டும் போகாதீங்க. 2025 ஜூலைல, யூபிஐல வந்த காச கணக்கு பாத்து அனுப்பின ஜிஎஸ்டி நோட்டீஸ் பயத்துல இங்க சின்னக் கடைக்காரங்க நெறைய பேர் யூபிஐ வேணாம் கேஷ் மட்டும்னு போர்டு மாட்டிட்டாங்க, நான் கொத்தமல்லிக்கட்டோட திருதிருன்னு நின்னேன்.

பென்ஷன்காரங்களுக்கு இதான் முக்கியம். வருஷா வருஷம் நவம்பர்ல உயிரோட இருக்கோம்னு காட்டணுமே, பேங்க்ல அந்த மெஷின்ல கட்டவிரல வெச்சா எனக்கு எடுக்கவே எடுக்காது, வயசானா ரேகை தேஞ்சுடுது, பாத்திரம் தேச்ச கை வேற. தொடச்சு, ஊதி, மறுபடி வெச்சு, பின்னாடி வரிசைல நிக்கறவங்க உச்சு கொட்டுவாங்க. 2021லேந்து மொகத்த காட்டியே ஜீவன் பிரமாண், அதான் அந்த உயிரோட இருக்கற சர்டிஃபிகேட், எடுக்கலாம், ரெண்டு ஆப் வேணும், ஜீவன் பிரமாண் ஃபேஸ் ஆப் ஒண்ணு, ஆதார் ஃபேஸ் ஆர்டி ஒண்ணு. எல்லாரும் ஒண்ண மட்டும் போட்டுட்டு வேல செய்யலன்னு திட்டுவாங்க. நான் பண்ணின தப்பு ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தது, மொகம் கருப்பா விழுந்து நாலு தடவ ஏத்துக்கல. ஜன்னல பாத்து திரும்பி உக்காந்து, மூக்குக்கண்ணாடிய கழட்டிட்டு, வட்டத்துக்குள்ள மொகத்த வெச்சு, அது சொன்னப்ப கண்ண மெதுவா சிமிட்டினேன். பச்சையா ஒரு டிக். வீட்ல ஒருத்தர் கூட இல்ல, நானே கை தட்டிக்கிட்டேன்.

அந்த சந்தோஷத்துல மைக்க அழுத்தி "நான் உயிரோட இருக்கேன்"னு பையனுக்கு அனுப்பிட்டேன், வேற ஒண்ணும் எழுதல. மீட்டிங்லேந்து எழுந்து ஓடி வந்து "அம்மா, என்னம்மா ஆச்சு"னு ஃபோன் பண்றான்.