இசைக் கீபோர்டையும் லேப்டாப்பையும் இணைப்பது எப்படி?

என்னிடம் கீபோர்டு கற்க வரும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து மாதம் ஒருமுறையாவது இந்த அழைப்பு வந்துவிடும். "சார், புதுக் கேபிள் வாங்கி லேப்டாப்பில் செருகிவிட்டோம். சத்தமே வரவில்லை." கேபிளின் ஒரு முனை தட்டை, மறுமுனை சதுரமா என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். கேபிளில் பழுது இல்லை. பெரும்பாலான கீபோர்டுகளில் அந்தக் கம்பி வழியே சத்தம் போகாது, கட்டளை மட்டுமே போகும்.

அந்தக் கட்டளை மொழிக்கு மிடி என்று பெயர். நடு ஸ்தாயி ஸி விசையை அழுத்தினால், "60ஆம் எண் அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகத்தில்" என்று ஒரு செய்தி போகிறது. விரலை எடுத்தால் "விடப்பட்டது" என்று இன்னொன்று. வேகத்துக்கு உச்ச அளவு 127. சுரக்குறிப்பு எழுதிய தாளை நீட்டுவது போலத்தான் இது. தாள் தானாகப் பாடாது, பார்த்து வாசிக்க எதிரே ஒருவர் வேண்டும். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவிகளை) இந்த மொழியில் பேச வைத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்துக் கருவியை இன்றைய லேப்டாப்போடு இன்றும் இணைக்க முடிகிறது. இதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சிதான்.

முதலில் கீபோர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சதுர யுஎஸ்பி துளை, "டு ஹோஸ்ட்" என்று எழுதியிருப்பது, கணினிக்கானது. தட்டைத் துளை பென் டிரைவுக்கானது. அதில் லேப்டாப்பைச் செருகிப் பயனில்லை. ஆண்ட்ராய்டு போன் என்றால் நடுவில் ஓடிஜி அடாப்டர் வேண்டும். பழைய கீபோர்டில் ஐந்து ஓட்டை கொண்ட வட்டத் துளைகள் இருக்கும். அங்கே ஒரு கருவியின் "அவுட்" மற்றதன் "இன்"னுக்குப் போக வேண்டும். மாற்றிச் செருகிவிட்டால் எதுவும் கெட்டுப்போகாது, சத்தம் வராது, அவ்வளவுதான். பயப்படாமல் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் இணைத்து, கீபோர்டை இயக்கிய பிறகு இசை மென்பொருளைத் திறந்து, உள்ளீட்டுக் கருவியாக உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள்.

விசையை அழுத்திச் சற்றுக் கழித்துச் சத்தம் வந்தால் மென்பொருளின் பஃபர் அளவை, அதாவது அது ஒரே தடவையில் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, குறையுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 1024 வைத்தால் 23 மில்லிநொடி தாமதம்; 256 வைத்தால் 6 மில்லிநொடிக்கும் குறைவு. விண்டோஸ் லேப்டாப்பில் ஆசியோ டிரைவர் (ஒலியைத் தாமதமின்றி அனுப்ப உதவும் மென்பொருள்) இல்லாமல் இது சரிவருவது கடினம். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்டால், கீபோர்டும் லேப்டாப்பும் ஒன்றாக ஒலிக்கின்றன என்று பொருள். கீபோர்டில் "லோக்கல் கண்ட்ரோல்" அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவது கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு மிக முக்கியம். கமகத்துக்கு நாம் நம்பியிருப்பது சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் இடதுபக்கப் பிட்ச் பெண்ட் சக்கரத்தை. சக்கரம் எவ்வளவு தள்ளப்பட்டது என்பதை மட்டுமே கீபோர்டு சொல்கிறது: 16,384 படிகள், நடுவில் 8192. அதற்கு எத்தனை சுரம் நகர வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒலி எழுப்பும் கருவி. வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். நான் ஒருமுறை லேப்டாப்பில் புதிய வீணை ஒலியை ஏற்றிக்கொண்டு தோடி வாசித்தேன். அந்த ஒலியில் அளவு 12 என்று இருந்தது. காந்தாரத்தை அசைத்த மாத்திரத்தில் சுரம் எங்கோ போய்விட்டது. அது போதாதென்று, பின்னணியில் பிடித்திருந்த தம்புரா ஒலியும் கூடவே வளைந்தது. பெண்ட் செய்தி ஒரு சானலில் (மிடி செய்திகள் போகும் தனித்தனிப் பாதைகளில் ஒன்றில்) உள்ள எல்லாச் சுரங்களையும் வளைக்கும். இரண்டையும் ஒரே சானலில் வைத்திருந்தேன். மிடியில் 16 சானல்கள் இருக்கின்றன. சுருதிக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். "பெண்ட் ரேஞ்ச்" எண்ணை 2 என்று வைத்து, வாசித்துப் பார்த்து, அதன் பிறகே மேடைக்குப் போங்கள்.

சத்தத்துக்குத் தனி வழி. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்தோ ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்தோ (லேப்டாப்போடு இணைக்கும் வெளி ஒலிப் பெட்டி) மிக்சரின் லைன் உள்ளீட்டுக்குக் கேபிள் போட வேண்டும். செருகும்போதும் பிடுங்கும்போதும் மிக்சரில் ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் அடிவாங்கும்.

கடைசித் தொல்லை இரைச்சல். ஒரு நாட்டிய அரங்கேற்றத்துக்கு வாசிக்கப் போயிருந்தேன். லேப்டாப்பை இணைத்ததும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓயாத ஒலி. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது, செருகினால் திரும்ப வந்தது. எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதன் அடையாளம் அது. மைக்செட்காரத் தம்பி சார்ஜர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடலாம் என்றார். கூடவே கூடாது என்று தடுத்தேன். அந்த முனை உயிர் காப்பது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்கள் நாம். எல்லாப் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்கு மாற்றினோம், பாதி குறைந்தது. பிறகு லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே ஒரு டிஐ பெட்டியை (ஒலிக் கம்பிகளுக்கு இடையே வைக்கும் சிறு இணைப்புப் பெட்டி) வைத்து, ஒலிக் கம்பியின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் அதன் "கிரவுண்ட் லிஃப்ட்" சுவிட்சைத் தள்ளினேன். இரைச்சல் முழுதாக நின்றது. புஷ்பாஞ்சலி தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.