வாசல் கல்லிலிருந்து கவுண்டி வரை: பழைய மிஷன் பள்ளியின் இங்கிலாந்துத் தொடர்பைத் தேடும் வழி

நெல்லைச் சீமைப் பழைய மிஷன் பள்ளி வாசலில் பெரும்பாலும் ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருக்கும். கல்லில் உள்ள பெயர், பள்ளியை நடத்தியவர், பணம் அனுப்பிய ஊர் மூன்றையும் ஒன்றாக எண்ணித் தொடங்கினால் தேடல் அங்கேயே கோணிவிடும். சாரா டக்கர் பெயரில் பாளையங்கோட்டையில் கல்வி நிலையங்கள் இருக்கின்றன. அந்த அம்மா இந்தியாவுக்கு வந்ததே இல்லை, அவர் சகோதரர் ஜான் டக்கர்தான் சென்னையில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) செயலராக இருந்தவர். சாயர்புரம் ஒரு வணிகரின் பெயர். அங்கே செமினரி நடத்திய ஜி.யு. போப் பிறந்தது இன்றைய கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். இடையன்குடி கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர், மெஞ்ஞானபுரம் ஜான் தாமஸ் வேல்ஸ்காரர். உங்கள் ஆள் இங்கிலாந்துக்காரர்தானா என்பதை முதலில் பாருங்கள்.

கல்லைப் படிக்கக் காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் நல்லது. நிழலில் இருந்தால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்க வேண்டாம். எனாமல் பூசிய கல் என்றால் ஆண்டை நம்பாதீர்கள்: தேய்ந்த 3-ஐ பெயிண்டர் 8 ஆக்கியிருப்பார், நூற்றாண்டு மலரும் அதையே அச்சிட்டிருக்கும். சேகர குருவானவரிடம் கேட்டு ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளோடு ஒப்பிடுங்கள். திருநெல்வேலித் திருச்சபை இதழான நற்போதகத்தின் பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து பள்ளி எந்த மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்தது என்று உறுதிசெய்யுங்கள். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், பண்ணைவிளை, டோனாவூர் சி.எம்.எஸ். பக்கம், நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) பக்கம். சி.எம்.எஸ். கடிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில் உள்ளன, எஸ்.பி.ஜி. தாள்கள் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில். 1880-இல் உருவான, பெண்களிடையே பணிசெய்த சர்ச் செனானா சங்கத்தின் தாள்களும் பர்மிங்ஹாமில்தான். பெண்கள் பள்ளி என்றால் அதையும் கேளுங்கள்.

பணம் வந்த ஊரைக் காட்டுவது சி.எம்.எஸ். ஆண்டறிக்கைகளின் பின்பகுதி. நன்கொடைகள் கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்டம்) வாரியாக, அதற்குள் ஊர் வாரியாக அச்சாகியிருக்கும். சலிப்பூட்டும் பக்கங்கள்தான், ஆனால் கவுண்டித் தொடர்புக்கு இதைவிட நேரான சான்று அரிது. பள்ளி தொடங்கிய ஆண்டோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் புரட்டுங்கள்.

ஆளின் பிறந்த ஊருக்கு இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 கணக்கில் 'இதே கவுண்டியில் பிறந்தவரா' என்பதற்கு ஆம், இல்லை மட்டுமே. 1851 முதல்தான் கவுண்டியும் பாரிஷும் (ஆலயச் சேகரம்) எழுதினார்கள். மிஷனரி அப்போது இங்கே இருந்திருப்பார் என்பதால், கப்பலேறும் முன்போ விடுப்பில் ஊர் போனபோதோ நடந்த கணக்கைத் தேடுங்கள். இல்லாவிட்டால் பெற்றோர் வீட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது, அதற்கு முன் பாரிஷ் ஞானஸ்நானப் பதிவேடுதான். ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி என்ற வம்சாவளித் தேடல் இணையதளங்கள் இரண்டும் இலவசம். ஜான் தாமஸ் போன்ற பெயர்களுக்கு ஒரே ஊரில் நாலு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், வயது, குருப்பட்ட ஆண்டு மூன்றும் பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கவுண்டி எல்லையும் ஏமாற்றும். 1974-இல் அபிங்டன் பெர்க்ஷயரிலிருந்து ஆக்ஸ்போர்டுஷயருக்கும், போர்ன்மத் ஹாம்ப்ஷயரிலிருந்து டார்செட்டுக்கும் போயின. பழைய தாளில் உள்ள கவுண்டியை அப்படியே எழுதி, இன்றையதைப் பக்கத்தில் குறியுங்கள். நம் பக்கமும் அப்படியே: சிவகாசி 1910 வரை திருநெல்வேலி ஜில்லா, நாசரேத்தும் சாயர்புரமும் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம்.

கடைசியாகக் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சல். 'எங்கள் பள்ளி பற்றி என்ன இருக்கிறது' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். முதலில் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். கவுண்டிக் காப்பகங்களின் இருப்பும் அதில் ஓரளவு தெரியும். ஊர்ப்பெயரைப் பழைய ஆங்கில எழுத்தில் போடுங்கள்: டின்னவெல்லி (Tinnevelly), பாலம்கோட்டா (Palamcottah), எடையன்கூடி (Edeyenkoody). கிடைத்த ஆவண எண், ஆளின் பெயர், பாரிஷ், தேட வேண்டிய ஐந்தாண்டுக் காலம் ஆகியவற்றைக் கடிதத்தில் வையுங்கள். நகலுக்குக் கட்டணம் எவ்வளவு, உங்கள் பள்ளி மலரில் அச்சிட அனுமதி உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். படம் வந்த பிறகு அனுமதிக்கு அலைந்தால் அச்சகத் தேதி தள்ளிப்போகும்.