ரீகர்வ் வில்லோட (முனைகள் வெளிப்பக்கமா வளைஞ்ச வில்) பூமா, அதாவது மலைச்சிங்க வேட்டைக்குப் போறீங்களா, கைடை எப்படி தேர்வு பண்றது

முதல்ல லைசென்ஸ். அமெரிக்காவுல இடாஹோ, மாண்டானா மாதிரி மாநிலங்கள்ல காசு வாங்கி கூட்டிட்டுப் போறவங்களுக்கு மாநில போர்டு லைசென்ஸ் கட்டாயம், அதனால பேரைக் குடுத்து போர்டுலயே செக் பண்ணிடுங்க. கலிஃபோர்னியால 1990-லயே மலைச்சிங்க வேட்டைக்குத் தடை வந்துடுச்சு, அங்க கூட்டிட்டுப் போறேன்னு யாராவது சொன்னா பேச்சையே நிறுத்திடுங்க.

அடுத்து நாய்ங்க, இதுதான் எல்லாமே. பனில கால்தடம் பார்த்து நாய்ங்கள அவிழ்த்துவிட்டு பூமாவ மரத்துல ஏத்துறதுதான் வழக்கமான முறை, அதனால நாய்ங்க அவரோட சொந்தமா இல்ல வேற யார்கிட்டயாவது வாங்கி ஓட்டுறாரா, ஜிபிஎஸ் காலர் இருக்கா, பனியே விழலைனா தேதிய மாத்தித் தருவாரான்னு எல்லாம் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

ரீகர்வ், லாங்போ (நீளமான பழைய பாணி வில்) எடுத்துட்டு வந்தவங்கள முன்னாடி கூட்டிட்டுப் போயிருக்காரான்னு கேளுங்க. நமக்கு 15, 20 கஜத்துக்குள்ள நெருங்கணும், மேல நோக்கி சரிவா எய்யணும், கிளை மறைச்சா வேற இடத்துக்கு நகரணும், இதுக்கெல்லாம் பொறுமை இல்லாம "சீக்கிரம் விடுங்க"ன்னு அவசரப்படுத்துற ஆள் வேண்டவே வேண்டாம். அம்பு சரியா படலைனா என்ன பண்ணுவீங்கன்னும் கேளுங்க, காயப்பட்ட பூமா கீழ குதிச்சா முதல்ல மாட்டுறது நாய்ங்கதான், அதுக்கு முன்னாடியே அதுங்கள கட்டிவைப்பேன்னு சொல்றவர நம்பலாம்.

ஆண், பெண் எப்படி அடையாளம் பார்ப்பீங்கன்னு கேட்க மறக்காதீங்க. இடாஹோ, மாண்டானா மாதிரி மாநிலங்கள்ல குட்டியோட இருக்குற பெண் பூமாவ கொல்றது சட்டவிரோதம், சந்தேகம் வந்தா அப்படியே விட்டுட்டு நடந்துடுவோம்னு தயங்காம சொல்றவர்கிட்டதான் நான் காசு குடுப்பேன்.