லென்ஸ் கூடிவிட்டது, பை பத்தவில்லை: பெரிய கேமரா பை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் கேமராவோடு வாங்கிய தோள்பையில் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதோடு வந்த கிட் லென்ஸ், கூடவே ஒரு 50 எம்.எம். லென்ஸ் வரை தாராளமாகப் போகும். அப்புறம் ஒரு 70-200 எம்.எம். ஜூம் லென்ஸ் வரும். பறவைப் பித்து பிடித்தால், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 150-600 வரும். ஒருநாள் ஜிப் மூடாது. அன்று இரவே பெரிய பை தேட உட்கார்ந்துவிடுவோம். நான் இதுவரை நான்கு பைகள் மாற்றிவிட்டேன். அவற்றில் இரண்டை வாங்காமலே இருந்திருக்கலாம்.

பலரும் செய்கிற பெரிய தவறு, வீட்டில் இருக்கும் எல்லா லென்ஸும் ஒரே பையில் அடங்க வேண்டும் என்று நினைப்பது. கல்யாண வேலைக்கு 24-70, 70-200, ஒரு 85, இரண்டு ஃபிளாஷ் போதும். வேடந்தாங்கலுக்குப் போகிறவருக்கு 150-600 வேண்டும். அங்கே 85க்கு என்ன வேலை? கடைசியாகப் போன நான்கைந்து பயணங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எந்த லென்ஸை உண்மையிலேயே வெளியே எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பை அந்தப் பட்டியலுக்குத்தான், அலமாரிக்கு அல்ல.

எல்லாவற்றையும் சுமந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். கேனான் 5டி மார்க் 4 பேட்டரியோடு சுமார் 890 கிராம். 24-70 எஃப் 2.8 (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்) இரண்டாம் பதிப்பு 805 கிராம். 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். 50 எஃப் 1.8 வெறும் 160 கிராம். இதற்கே 3.3 கிலோ தாண்டிவிட்டது. பெரிய முதுகுப்பைகள் பல காலியாகவே 2 கிலோவுக்கு மேல் இருக்கும். மடிக்கணினியும் சார்ஜரும் சேர்ந்தால் 7 கிலோவைத் தொட்டுவிடுவோம். உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக்குக் கைப்பை அளவு பெரும்பாலும் அந்த 7 கிலோதான். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடவும் கூடாது. அதனால் பையின் காலி எடையை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். விளம்பரத்தில் அது கடைசி வரியில்தான் இருக்கும்.

அடுத்தது லிட்டர் கணக்கை நம்புவது. 30 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அதில் மடிக்கணினி அறை, மேல் அறை, பக்கப் பைகள் எல்லாம் சேர்ந்திருக்கலாம். நமக்கு வேண்டியது லென்ஸ் அறையின் உள்ளளவு மட்டுமே.

இதற்கு நான் செய்வது எளிய வழி. தரையில் செய்தித்தாளை விரித்து, கொண்டுபோகப் போகும் பொருட்களைப் பையில் வைப்பதுபோலவே அடுக்குவேன். பெரிய லென்ஸ் பாடியில் மாட்டியபடியே, ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் வெளிச்சத் தடுப்பு) தலைகீழாகத் திருப்பியபடி இருக்கும். சுற்றிலும் பேனாவால் கோடு போட்டு அளப்பேன். சோனி 200-600 லென்ஸ் மட்டுமே 31.8 செ.மீ. நீளம், பாடியும் சேர்ந்தால் 37, 38 வரும். 35 செ.மீ. உள்நீளமுள்ள பையில் அதைக் கழற்றித்தான் வைக்க முடியும். பறவை தலைக்கு மேல் வந்த பிறகு உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது?

நீளத்தை அளப்பவர்கள்கூட ஆழத்தை மறந்துவிடுகிறார்கள். பேட்டரி கிரிப் (கேமராவின் அடியில் மாட்டும் கூடுதல் பிடி) மாட்டிய ஃபுல் ஃபிரேம் பாடி அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய 15 செ.மீ. இருக்கும். லென்ஸோடு எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் அந்த ஆழம் வேண்டும். 12 செ.மீ. ஆழமுள்ள பையில் ஜிப்பை அழுத்தி இழுப்போம், சில மாதத்தில் அது பல்லிளித்துவிடும்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று வாங்குவதும் தவறுதான். உங்கள் சாமான்களையே கொண்டுபோய் நிரப்புங்கள். கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு நில்லுங்கள், மாடிப்படி இருந்தால் ஏறுங்கள். இடுப்புப் பட்டை இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் நின்றால் அந்தப் பை உங்கள் உயரத்துக்கானது அல்ல. எடை முழுக்கத் தோளில்தான் இறங்கும்.

பை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. முன்பக்கம் திறக்கும் பையை முதுகுப் பக்கம் தரையில் படும்படி கிடத்த வேண்டும். சேறு பட்டையில் ஒட்டி, பிறகு நம் சட்டைக்கு வரும். முதுகுப் பக்கம் திறப்பதில் அந்தத் தொல்லை இல்லை, கூட்டமான பஸ்ஸில் பின்னால் நிற்பவர் கைவைக்கவும் முடியாது. ஆனால் பழவேற்காட்டில் படகில் போனபோது, அடியில் தண்ணீர் தேங்கி, பையைக் கிடத்த இடமே இல்லை. பக்கவாட்டு ஜிப் இருந்ததால் பிழைத்தேன். எந்தப் பை ஆனாலும் ஒரு பழக்கம் வேண்டும்: திறந்தால் முழுதாகத் திறப்பது, மூடினால் முழுதாக மூடுவது. பாதி மூடிய பையை அவசரத்தில் தூக்கினால் லென்ஸ் தரையில் விழும்.

இனி சொல்வதுதான் எனக்கு மிகவும் முக்கியம். பெரிய பை வந்ததும் அதுவே லென்ஸ் குடியிருக்கும் வீடாகிவிடுகிறது. ஓர் ஐப்பசியில் மழையில் நனைந்து வந்து, பையின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து மூலையில் வைத்தேன். கார்த்திகை கடைசியில்தான் திறந்தேன். கீழ் மூலை அறையில் 85 எம்.எம். லென்ஸ் இருந்தது. டார்ச் அடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூல்போல மெல்லிய வெள்ளை இழைகள். பூஞ்சை. பிரித்துச் சுத்தம் செய்தும் கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கில் (பூச்சில்) அதன் தடம் போகவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் இன்றைக்கும் படம் வெளிறித்தான் வருகிறது.

பைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் பூஞ்சைக்குப் போதும். சென்னை, கடலூர், நாகை மாதிரி கடலோர ஊர்களில் வருடம் முழுக்கவே ஈரப்பதம் அதிகம். வீட்டுக்கு வந்ததும் லென்ஸை வெளியே எடுத்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால் டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைத்தே வைத்திருக்கும் அலமாரி) வாங்கலாம். பைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இதற்கு எடுத்து வைக்கச் சொல்வேன். விலை குறைந்த பை வாங்க வேண்டி வந்தாலும் சரி.

மற்றவை சிறு விஷயங்கள். அடுத்து வாங்க நினைக்கும் லென்ஸுக்கு ஓர் அறை காலியாக இருக்கட்டும். மூன்று, நான்கு அறைகள் காலியாக வேண்டாம், நடக்கும்போது சாமான் ஆடும். அறைகளைப் பிரிக்கும் டிவைடரின் வெல்குரோவைக் கடையிலேயே இரண்டு முறை பிரித்து ஒட்டிப் பாருங்கள். ரெயின் கவர் பையோடு நூலால் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே பறந்துவிடும்.

பழைய தோள்பையை விற்றுவிடாதீர்கள். நூறு, இருநூறுதான் கிடைக்கும். பாடியையும் 50 எம்.எம்.மையும் போட்டுக்கொண்டு தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குள் போக, நான் இப்போதும் அதைத்தான் எடுக்கிறேன்.