சொந்தப் பதிப்பில் முதல் நூல்: அச்சுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

தன் முதல் நூலைத் தானே பதிப்பிக்க முடிவுசெய்பவர் பெரும்பாலும் முதலில் செய்வது வெளியீட்டு விழாவுக்கு நாள் குறிப்பதுதான். மண்டபம் பேசி, சிறப்பு விருந்தினரிடம் ஒப்புதல் வாங்கி, அழைப்பிதழும் அச்சான பிறகு பார்த்தால், மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்த, நான்கு நாள்தான் மிஞ்சியிருக்கும். என் முதல் சிறுகதைத் தொகுப்பை நான் அப்படித்தான் கொண்டுவந்தேன். பக்க வடிவமைப்பின்போது ஒரு கதையின் கடைசி நான்கு வரிகள் பக்கத்துக்கு வெளியே தங்கிவிட்டதை வடிவமைத்தவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. 300 படிகளிலும் அந்தக் கதை பாதி வாக்கியத்தில் நின்றது. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, “அந்த இடத்தில் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறீர்களா?” என்று கேட்டார். அன்றிலிருந்து, புதிதாகப் பதிப்பிக்க வருகிற எவரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: கடைசி மெய்ப்பில் கையெழுத்திடும் வரை வெளியீட்டு நாளை எவருக்கும் சொல்லாதீர்கள்.

எழுதி முடித்த பிரதியை உடனே வடிவமைப்புக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு மாதமாவது அதைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களில் பெரும்பாலும் வாக்கியத்தில்தான் கோளாறு இருக்கும். அதன் பின்னர் பிரதியை இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் பிரதியைச் செம்மை செய்பவர்; எந்த அத்தியாயம் நீள்கிறது, எந்தப் பாத்திரத்தின் வயது இடையில் மாறிவிட்டது, எந்தச் செய்தி இரண்டு முறை வருகிறது என்று பார்ப்பது அவர் வேலை. மற்றவர் மெய்ப்புத் திருத்துபவர். ரகர றகரம், லகர ளகர ழகரம், வல்லினம் மிகும் இடம், மிகா இடம், நிறுத்தக்குறி ஆகியவற்றைப் பார்ப்பவர். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாசிப்பில் செய்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் நழுவும். எழுதியவரே தன் நூலுக்கு மெய்ப்புப் பார்ப்பது போதாது. அவர் கண் தாளில் இருப்பதைப் படிக்காமல் மனத்தில் இருப்பதைப் படித்துவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு சிறிய குறிப்பேடு மிகவும் உதவும். கோவிலா கோயிலா, ஓட்டலா ஹோட்டலா, பேருந்தா பஸ்ஸா, எண்களை எழுத்தால் எழுதுவதா இலக்கத்தால் எழுதுவதா, உரையாடலுக்கு இரட்டை மேற்கோளா ஒற்றை மேற்கோளா என்று ஒவ்வொரு முடிவையும் அதில் எழுதிவைத்து, செம்மை செய்பவர், மெய்ப்புத் திருத்துபவர், வடிவமைப்பவர் மூவருக்கும் ஒரு படி கொடுங்கள். வட்டார வழக்கில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ‘வந்தாக’, ‘வந்தாங்க’ ஆகியவற்றில் எது உங்கள் பாத்திரத்தின் பேச்சு என்பதை நீங்கள் எழுதித் தராவிட்டால், நல்லெண்ணம் கொண்ட ஒரு திருத்துநர் எல்லாவற்றையும் ‘வந்தார்கள்’ என்று மாற்றிவிடக்கூடும்.

பிறருடைய கவிதை வரிகளையோ திரைப்பாடல் வரிகளையோ நூலில் எடுத்தாண்டிருந்தால் அனுமதியை இப்போதே கேட்டுவிட வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1960 இல் மறைந்தவரின் எழுத்துக்கு 2020 டிசம்பர் 31 வரை உரிமை இருந்தது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பாரதியாரின் படைப்புகளும், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய பிற அறிஞர்களின் நூல்களும் இந்தத் தடைக்கு அப்பாற்பட்டவை. உங்கள் சொந்த எழுத்துக்கான உரிமை எழுதிய கணமே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால் பிற்காலத்தில் சான்றாக உதவும், ஆனால் அது கட்டாயமில்லை.

எழுத்துருவில் ஏற்படும் சிக்கல்கள்

தமிழ் நூலுக்கே உரிய ஆபத்து பிரதி வடிவமைப்பாளரின் கணினிக்குள் நுழையும் இடத்தில்தான் இருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் நீங்கள் தட்டச்சு செய்திருப்பீர்கள். தமிழ்நாடு அரசு 2010 இலேயே யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பல வடிவமைப்பகங்களில் பழைய குறியீடுகளைக் கொண்ட எழுத்துருக்களே இன்றும் புழங்குகின்றன. அங்கே உங்கள் கோப்பைக் குறியீடு மாற்றும் ஒரு மென்பொருளில் போட்டுப் பழைய குறியீட்டுக்கு மாற்றி, பிறகு பக்கம் அமைப்பார்கள். மெய்ப்பு எவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்டிருந்தாலும், இந்த மாற்றத்தில் புதுப் பிழைகள் முளைக்கும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறும், ‘ஸ்ரீ’ உடையும், இடையில் வரும் ஆங்கிலச் சொல் புரியாத தமிழ் எழுத்துக் கூட்டமாகிவிடும். ஆகவே, வடிவமைப்பாளரிடம் விலை பேசுவதற்கு முன்பே, “யூனிகோடிலேயே பக்கம் அமைப்பீர்களா?” என்று கேளுங்கள். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் பிற மொழிகளுக்கான வேர்ல்டு-ரெடி கம்போசர் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் யூனிகோடு ஒழுங்காக வரும். தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். முழு நூலையும் ஒப்படைக்கும் முன் பத்துப் பக்கம் மாதிரி கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

யூனிகோடிலேயே இருந்தாலும் கண்ணுக்குத் தப்பும் சில பிழைகள் உண்டு. பழைய தட்டச்சுப் பழக்கத்திலிருந்து வந்த ஒன்று, ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைப்பது: ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகிவிடும். இன்னொன்று, ஔகார வரிசையில் நடப்பது. ‘கௌ’ என்று ஒரே எழுத்தாக வர வேண்டியதை ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுவார்கள். ‘ஔவை’ என்பதையும் ‘ஒ’, ‘ள’ சேர்த்து அடிப்பார்கள். அச்சில் இவை ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும் என்பதால் மெய்ப்பில் எவரும் பிடிக்கமாட்டார்கள். ஆனால் அதே கோப்பை மின்னூலாக்கும்போது, ‘கௌசல்யா’ என்று தேடுகிற வாசகருக்கு அந்தப் பெயர் நூலில் எங்குமே கிடைக்காது. கோப்பில் இவை ஒவ்வொன்றையும் தேடி மாற்ற அரை மணி நேரம் போதும். அதைப் பக்கம் அமைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

பக்கம் அமைத்த பின் வரும் பி.டி.எஃப். கோப்பைத் திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். அச்செடுத்து, மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தையும் இரண்டிலும் ஒப்பிடுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமலிருக்க இந்த ஒரு வேலை போதும். பிறகு பொருளடக்கத்தின் பக்க எண்களைச் சரிபாருங்கள். புள்ளி வைத்த மெய்யெழுத்தோடு எந்த வரியும் தொடங்கக்கூடாது. ஒரு பத்தியின் கடைசி ஒற்றை வரி அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்கக்கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், இரு ஓரமும் சீராக்கும்போது சில வரிகளில் சொற்களுக்கிடையே பெரும் இடைவெளி விழும். அங்கெல்லாம் சொல்லைச் சரியான இடத்தில் பிரிக்கச் சொல்ல வேண்டும். இகர ஈகார விசிறிகள் மேலேயும் உகரக் குறிகள் கீழேயும் நீள்வதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுவது கண்ணுக்கு இதம். 11 புள்ளி (பாயிண்ட்) அளவுள்ள எழுத்துக்கு 15 அல்லது 16 புள்ளி வரி இடைவெளி என் கண்ணுக்குப் பொருந்தி வந்திருக்கிறது.

தாளும் பக்கக் கணக்கும்

தமிழில் புனைவுக்கும் கட்டுரைக்கும் பெரும்பாலும் டெம்மி என்ற நூல் அளவையும், கவிதைக்கும் சிறு நூல்களுக்கும் அதைவிடச் சிறிய கிரவுன் அளவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்தாளுக்கு 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையுள்ள மேப்லித்தோ என்ற அச்சுத்தாளோ, லேசான மஞ்சள் சாயலுள்ள நேச்சுரல் ஷேடு தாளோ போதும். வெள்ளை வெளேரென்ற தாள் நீண்ட வாசிப்புக்கு உகந்ததல்ல என்பது என் எண்ணம். தகடு செய்து மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில் அச்சிடுவதானால் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கிடுவார்கள். உங்கள் நூல் 162 பக்கத்தில் முடிந்தால் அந்த இரண்டு பக்கத்துக்காகப் பதினோராவது ஃபாரம் ஓட வேண்டியிருக்கும். முன்னுரையைச் சற்றுச் சுருக்கி 160 இல் நிறுத்திவிடலாம். முதுகு ஒட்டிய கட்டுமானத்தில் நூல் முழுதாக விரியாது என்பதால் உள்பக்க ஓரத்தில் கூடுதல் இடம் விடச் சொல்லுங்கள். முதுகின் தடிமன் தாளையும் பக்கங்களையும் பொறுத்தது. அச்சகத்தாரிடமிருந்து அந்த அளவை வாங்கிய பிறகே அட்டையை முடிக்க வேண்டும்.

எத்தனை படிகள் என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: முதல் நூலென்றால் 100 படிகள். ஆஃப்செட்டில் எண்ணிக்கை கூடக் கூட ஒரு படிக்கான செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் விற்காத 700 படிகள் கட்டிலுக்கு அடியில் கிடந்து ஓரம் பழுக்கும்போது அந்தச் சேமிப்பால் பயனில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறையில் படிக்குக் கூடுதலாகச் செலவானாலும், விற்ற பணத்தில் அடுத்த 100 படிகளை அச்சிடலாம். இடையில் தெரியவந்த பிழைகளையும் திருத்திக்கொள்ளலாம்.

விலையை நிர்ணயிக்கும்போது கடைக்கழிவை மறந்துவிடாதீர்கள். ஒரு படிக்கு 75 ரூபாய் செலவு, விலை 150 ரூபாய், விற்பனையாளருக்கு 40 சதவீதக் கழிவு என்று வைத்துக்கொண்டால், 60 ரூபாய் கழிந்து உங்களுக்கு 90 ரூபாய் வரும். செலவு போக 15 ரூபாய் மிஞ்சும். கூரியர் செலவை அதிலிருந்து கொடுத்தால் கையிலிருந்து பணம் போகும். அதே படிக்கு 180 ரூபாய் விலை வைத்தால் மிச்சம் 33 ரூபாய். செம்மையாக்கத்துக்கும் மெய்ப்புக்கும் அட்டைக்கும் கொடுத்த தொகை இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அச்சிட்ட நூல்களின் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு ஆறுதல்.

ஐ.எஸ்.பி.என். எண்ணும் நூல் விவரப் பக்கமும்

ஒவ்வொரு நூலையும் தனித்து அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் தருவது, ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. அதன் இணையவாசலில் சொந்தப் பதிப்பாளராகப் பதிவு செய்து, கேட்கப்படும் ஆவணங்களோடு விண்ணப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. எண் வாங்கித் தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். பதிப்புச் சேவை நிறுவனம் தன் எண்ணைத் தந்தால், பதிவேடுகளில் உங்கள் நூலின் பதிப்பாளராக அந்த நிறுவனமே நிற்கும் என்பதை அறிந்து ஒப்புக்கொள்ளுங்கள். எண் உடனே கையில் கிடைத்துவிடும் என்று எண்ணாமல், மெய்ப்பு வேலை தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். வந்த எண்ணை அட்டையில் ஏற்றும்போது ஒரு சோதனை செய்யலாம்: 13 இலக்கங்களையும் இடமிருந்து ஒன்றாலும் மூன்றாலும் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் தவறியிருக்கிறது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் வரும் நூல் விவரப் பக்கத்தைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் மிக விரிவாகவே எழுதி வந்திருக்கிறார்கள். நூற்பெயர், ஆசிரியர், பொருள், முதற்பதிப்பின் மாதமும் ஆண்டும், உரிமை, தாள், நூல் அளவு, எழுத்தின் அளவு, பக்கங்கள், விலை, அட்டை வடிவமைப்பு, அச்சிட்டோர், வெளியிட்டோர் முகவரி என்று வரிசையாக வரும் அந்தப் பட்டியல், பின்னாளில் நூலகருக்கும் ஆய்வாளருக்கும் உங்கள் நூலை அடையாளம் காட்டுவது. அதைச் சுருக்கிவிடாதீர்கள். இதழ்களில் முன்பே வந்த படைப்பென்றால், எந்த இதழில் எந்த ஆண்டு வந்தது என்பதையும் நூலில் எங்காவது பதிவு செய்யுங்கள்.

நாள் குறித்தல், அதன் பிறகு

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்தே பெரும்பாலான தமிழ் நூல்கள் வருகின்றன. 1977 இல் தொடங்கி, புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்களின் சங்கமான பபாசி நடத்திவரும் அந்தக் காட்சிக்கு முந்தைய டிசம்பரில் அச்சகங்களில் மூச்சுவிடவும் நேரம் இருக்காது. அங்கே நூல் இருக்க வேண்டுமென்றால் கடைசிக் கோப்பு அக்டோபரிலேயே அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். அரங்கு எடுக்கும் வசதி தனியொரு ஆசிரியருக்கு இராது; கடை வைத்திருக்கும் ஒரு பதிப்பகத்திடமோ விற்பனையாளரிடமோ முன்கூட்டியே பேசி, கழிவையும் பணம் வரும் நாளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நூலுக்கு என் விருப்பம், கூட்டம் மிகுந்த அந்த நாட்களை விட்டு, ஈரோடு புத்தகத் திருவிழாவையோ உங்கள் மாவட்டத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவையோ ஒட்டி வெளியிடுவது. சொந்த ஊரில் உங்களைத் தெரிந்த வாசகர்கள் நூலை நின்று புரட்டிப் பார்ப்பார்கள்.

நூல் வெளிவந்ததும் ஒரு சட்டக் கடமை உண்டு. 1954 ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிட்ட 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை மைய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் பதிப்பாளர் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பில் பதிப்பாளர் நீங்கள்தான். நூலகங்கள் தரும் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். 1896 இல் திறக்கப்பட்ட கன்னிமாராவில் உங்கள் நூலின் ஒரு படி இருக்கிறது என்றால், உங்கள் வீட்டுப் படிகள் எல்லாம் தீர்ந்த பிறகும் எழும்பூருக்குப் போய் ஒருவர் அதை எடுத்துப் படிக்க முடியும்.

உங்கள் படிகளில் ஒன்றின் முதல் பக்கத்தில் ‘திருத்தப் படி’ என்று எழுதி அலமாரியில் தனியே வையுங்கள். வாசகர்கள் சுட்டிக்காட்டும் ஒவ்வொரு பிழையையும், சொன்ன நாளிலேயே, அதில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள். அடுத்த அச்சில் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துவதானால் அது மறு அச்சு; பழைய ஐ.எஸ்.பி.என். எண்ணே தொடரும். ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தாலோ பெரிதாக மாற்றி எழுதினாலோ அது இரண்டாம் பதிப்பு. அதற்குப் புதிய எண் வாங்கி, நூல் விவரப் பக்கத்தில் முதற்பதிப்பின் ஆண்டுக்குக் கீழே புதிய ஆண்டையும் சேர்க்க வேண்டும்.