போர்டு போகாமல் இருக்க எந்த ஜெனரேட்டர் வாங்குவது?

ஜெனரேட்டர் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்பது "எத்தனை கேவிஏ?" என்றுதான். அதாவது, எவ்வளவு பவர் தரும் என்று. டியூப்லைட்டும் மின்விசிறியும் மட்டும் இருந்த வீட்டுக்கு அந்தக் கேள்வி போதும். இப்போது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏன், புதிதாக வரும் சீலிங் ஃபேனுக்குள்கூட ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த போர்டுகளைப் பழுது பார்ப்பதுதான் பட்டுக்கோட்டையில் என் பிழைப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, எங்கள் பகுதியில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரை ஏற்றி வந்து தெருத் தெருவாக டேங்குக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள், செல்போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். பெரிய உதவி. ஆனால் அதே வயரில் டிவியையும் ஃபிரிட்ஜையும் மாட்டியவர்கள் சிலர் பிறகு என்னிடம் வந்தார்கள். அந்த போர்டுகளைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். கிளாஸ் ஃபியூஸின் உட்புறம் கறுத்திருக்கும். பக்கத்தில் வோல்டேஜ் எகிறினால் அதைத் தடுக்க வைத்திருக்கும் எம்ஓவி என்கிற நீல வில்லை பாதி வெடித்துக் கிடக்கும். பெரிய கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கும். அதன் மேல் 400 வோல்ட் என்று அச்சடித்திருப்பார்கள். 230 வோல்ட் கரண்ட் உள்ளே போய் டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. ஜெனரேட்டர் 280 வோல்ட் கொடுத்தால் அது 396. அதற்கு மேல் போனால் கெபாசிட்டருக்குத் தாங்க இடமில்லை.

280 எப்படி வருகிறது? சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. லோடு, அதாவது மாட்டியிருக்கும் சாமான்கள் இழுக்கும் பவர், ஏறினால் சுற்று குறையும், இறங்கினால் கூடும். சின்ன மலிவு மாடல்களில் வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் ஏவிஆர் இருக்காது, வெறும் கெபாசிட்டரை வைத்தே வோல்டேஜை ஒப்பேற்றுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை யாராவது சட்டென்று நிறுத்தினால், இன்ஜின் சுதாரிப்பதற்குள் மிச்சமிருக்கும் டிவிக்கு அந்த வோல்டேஜ் எகிறிப் போகும். ஏவிஆர் உள்ள செட் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அது வோல்டேஜைத்தான் பிடித்து வைக்கும், ஹெர்ட்ஸ் அதன் கையில் இல்லை.

அதனால் போர்டு உள்ள சாமான்களுக்கு நான் சொல்வது இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான். அதில் இன்ஜின் தரும் கரண்ட் முதலில் டிசியாகி, அப்புறம் உள்ளே இருக்கும் சர்க்யூட் அதைச் சுத்தமான 50 ஹெர்ட்ஸ் சைன் வேவாக, அதாவது சீரான அலையாக மாற்றித் தருகிறது. இன்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வெளியே வருவது மாறாது. விலை பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஃபிரிட்ஜ் போர்டு ஒன்றின் விலையை விசாரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

"சாதா செட்டே வாங்கி ஒரு ஸ்டெபிலைசர் போட்டுக்கொள்ளலாமே" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். கூடாது. ஸ்டெபிலைசரால் ஹெர்ட்ஸையும் சரிசெய்ய முடியாது, கோணலான வேவையும் நிமிர்த்த முடியாது. வோல்டேஜ் ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்பைக் பஸ்டர் ஒரு நொடிப்பொழுது எகிறலைத் தாங்கும். தொடர்ந்து 280 வந்தால் முதலில் வெடிப்பது அதற்குள் இருக்கும் எம்ஓவிதான்.

ஸ்டிக்கரில் இன்வெர்ட்டர் என்று இருந்தால் மட்டும் நம்ப வேண்டாம். கடையிலேயே சோதிக்கலாம். ஹெர்ட்ஸும், வோல்டேஜ் போன மினிமமும் மேக்ஸிமமும் காட்டும், கோணலான வேவையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர் ஒன்றும் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்றும் கொண்டு போங்கள். லோடு இல்லாமல் ஓட்டி வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் பாருங்கள். பிறகு அயர்ன் பாக்ஸை மாட்டுங்கள். லோடுக்கு ஏற்ப இன்ஜின் வேகத்தை மாற்றும் இக்கோ சுவிட்ச் போட்டிருந்தால் இன்ஜின் சத்தம் கூடும், ஆனால் ஹெர்ட்ஸ் 50-லேயே நிற்க வேண்டும். நின்றால் அது உண்மையான இன்வெர்ட்டர். 52-லிருந்து 49-க்கு இறங்கினால் பெயரில் மட்டும்தான் இன்வெர்ட்டர். அப்புறம் அயர்ன் பாக்ஸை வெடுக்கென்று பிடுங்குங்கள், முக்கியமான சோதனை இதுதான். மீட்டரில் மேக்ஸிமம் வோல்டேஜ் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 250-ஐத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன். கடையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள். உறுமினால் வேவ் சரியில்லை. கேட்லாக்கில் டிஎச்டி என்று, வேவ் எவ்வளவு கோணலாக இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு சதவீதம் போட்டிருந்தால், 5-க்குக் கீழே இருப்பது நல்லது.

இப்போது கேவிஏவுக்கு வரலாம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது மேக்ஸிமம், கொஞ்ச நேரம் மட்டும் தரக்கூடியது. ரேட்டட் என்று சின்னதாக இருப்பதுதான் உங்கள் கணக்கு. ஹோண்டா இயூ22ஐ மாடலை எடுத்தால், பெயரில் 22 இருந்தாலும் தொடர்ந்து தருவது 1.8 கேவிஏதான். சாதா கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதற்கு இடம் விடுங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகத் தொடங்குவதால் அந்தத் தொல்லை குறைவு. லேசர் பிரிண்டரை லேசாக நினைக்காதீர்கள், சூடாகும் நேரத்தில் அயர்ன் பாக்ஸுக்குச் சமம். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது என்றால் பேரமே வேண்டாம், நல்ல இன்வெர்ட்டர் செட்டும் தனியாக பேட்டரியும் இரண்டுமே வேண்டும்.

உங்களுக்குத் தேவை லேப்டாப்பும் வைஃபையும் மட்டும்தானா? ஜெனரேட்டரே வேண்டாம். சைன் வேவ் ஹோம் யுபிஎஸ் ஒன்றும் ஒரு நல்ல பேட்டரியும் போதும். லேப்டாப் அடாப்டரில் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஹெர்ட்ஸ் கொஞ்சம் ஆடினால் அதற்கு ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்தான் இதில் கோபக்காரன். ஹெர்ட்ஸ் சற்று விலகினாலும் ஜெனரேட்டர் கரண்ட்டை ஒத்துக்கொள்ளாமல் பேட்டரிக்குத் தாவும். கடைசியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்து கம்ப்யூட்டர் அணையும்.

நல்ல செட் வாங்கினாலும் ஓட்டும் வரிசை முக்கியம். ஸ்டார்ட் செய்து சோக்கைத் தள்ளி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் லோடு. நிறுத்தும்போது முதலில் லோடை எடுங்கள். பெட்ரோல் தீரும்வரை ஓடவே விடாதீர்கள். கடைசிச் சொட்டில் இன்ஜின் திணறித் திணறி ஓடும்போது வோல்டேஜும் அதோடு ஆடும்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர் பாயின்டில் சொருகி வீடு முழுக்க எரிய வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். உங்கள் கரண்ட் மெயின் லைனில் ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேனைத் தாக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். சிறிய செட் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, அப்படியிருந்தால் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி வேலை செய்யாமல் போகலாம். அதையும் அவரிடமே கேளுங்கள்.

மழை என்று திண்ணையிலோ கார் ஷெட்டிலோ வைத்து ஓட்ட வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் ஜன்னல் பக்கம் பார்க்காதபடி, மேலே மட்டும் ஏதாவது மறைப்புப் போட்டு ஓட்டுங்கள். சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் மாதக்கணக்கில் நின்றால் கார்பரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்கிற சின்னத் துளை அடைத்துக்கொள்ளும்.