வெயில் காலப் பூந்தோட்டம்: டேபிள் ரோஸில் ஆரம்பியுங்கள்

ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடியில் எதுவும் பூக்காது என்று தொட்டிகளை ஓரங்கட்டி வைத்திருக்கிறீர்களா? டேபிள் ரோஸ் வையுங்கள், பத்து மணிப் பூ என்றும் சொல்வார்கள். பிரேசில், அர்ஜென்டினா பக்கத்துச் செடி; இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், மற்ற செடிகள் துவண்டு நிற்கும் உச்சி வெயிலில்தான் இது மஞ்சள், ரோஸ், வெள்ளை, ஆரஞ்சு என்று தொட்டி நிறையப் பூக்கும்.

முதலில் தொட்டி. வேர் ஆழமாகப் போகாது, ஆறு அங்குல உயரத்தில் அகலமாக இருந்தால் போதும், அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. தேங்காய் நார்க்கழிவை அள்ளிப் போடாதீர்கள், ஈரம் நின்று வேர் அழுகிவிடும்.

விதை தூள் மாதிரி இருக்கும், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குத் தண்டுதான் சுலபம். தெரிந்தவர் வீட்டில் கேட்டால் சந்தோஷமாகக் கிள்ளித் தருவார்கள், நிறத்துக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு அங்குலத் தண்டு, கீழ் இலைகளை உருவிவிட்டு ஓர் அங்குலம் மண்ணுக்குள் போகும்படி நெருக்கமாக ஊன்றுங்கள். நாலைந்து நாள் நிழல், அப்புறம் முழு வெயில்; வெயில் குறைந்தால் தண்டு நீளுமே தவிர பூக்காது.

தண்ணீர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், வெயில் அடிக்கிறதே என்று பாவம் பார்த்து இரண்டு வேளை ஊற்ற வேண்டாம். நுனியில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

சரி, பூக்க ஆரம்பித்ததும் காலை பத்து மணிவாக்கில் மாடிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தேனீக்கள் ஒவ்வொரு பூவிலும் இறங்கி மகரந்தத்தில் புரளும். ஒற்றை அடுக்குப் பூ ஒன்றின் நடுவில் உள்ள மகரந்தக் காம்புகளை ஈர்க்குச்சியால் லேசாகத் தொடுங்கள், அவை மெல்ல அசைந்து சாயும், வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவசியம் காட்டுங்கள். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், மத்தியானத்துக்குமேல் சுருங்கத் தொடங்கிவிடும், மேகமூட்டமான நாளில் சரியாக விரியாது, ஆகவே மத்தியானத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பூ குறைந்து தண்டு நீண்டு தொங்கினால் பாதியாக வெட்டிவிடுங்கள், புதுக்கிளை விட்டு மறுபடி பூக்கும். வெட்டிய தண்டுகளைத் தூக்கிப் போடாமல் அடுத்த தொட்டியில் ஊன்றிவிடுங்கள்.